அடுக்கி வைப்பதும் எடுத்துப் படிப்பதும்: புத்தகப் பிரியத்துக்கும் புத்தகப் பித்துக்கும் நடுவே

சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களைத் தூசி தட்டி, பலகையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்போம். அன்று முழுக்க யாரும் படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடியும் தீபாராதனை காட்டி, அடுக்கைக் கலைத்து, ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது படித்தே ஆக வேண்டும். சின்ன வயதில் எங்களுக்கு முதல் நாள்தான் பிடிக்கும். அந்த வழக்கத்தின் உயிர் மறுநாளில் இருக்கிறது என்பது எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆயிற்று.

சில வீடுகளில் அந்த மறுநாள் வருவதே இல்லை. புத்தகம் வந்துகொண்டே இருக்கும், அடுக்கு ஏறிக்கொண்டே போகும், எதையும் யாரும் எடுப்பதில்லை. என் பெரியப்பா வீடு அப்படி ஒரு வீடு. அவர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகத்தை அவரைப் போல நேசித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த நேசம் எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடலாம். புத்தகத்தின் மீதுள்ள பிரியத்தை ஆங்கிலத்தில் பிப்ளியோஃபிலியா என்கிறார்கள், பித்தைப் பிப்ளியோமேனியா என்கிறார்கள். இரண்டுமே கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை. பிப்லியோன் என்றால் புத்தகம், ஃபிலியா என்றால் நேசம், மேனியா என்றால் பித்து. இரண்டாவது சொல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது இங்கிலாந்தில், 1809 வாக்கில். அந்த ஆண்டு மான்செஸ்டரைச் சேர்ந்த ஜான் ஃபெரியார் என்ற மருத்துவர் இந்தப் பித்தைப் பற்றி ஒரு கவிதை வெளியிட்டார். அதே ஆண்டில் தாமஸ் ஃப்ராக்னல் டிப்டின் என்ற பாதிரியார் ஒரு நூலே எழுதிவிட்டார். ஒரு வைத்தியர் நோயின் குணங்களைச் சொல்வது போல அதில் அவர் அடுக்குகிறார்: முதல் பதிப்புதான் வேண்டும் என்பது, பெரிய தாளில் அச்சான பிரதிதான் வேண்டும் என்பது, ஓரம் வெட்டாத பிரதிக்கு ஏங்குவது, தோலில் அச்சிட்ட பிரதிக்கு அலைவது. கவனித்துப் பாருங்கள், ஒன்றுகூட உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றியதில்லை.

அது வெறும் பேச்சில்லை என்பதற்கு 1812இல் லண்டனில் நடந்த ஒரு ஏலம் சாட்சி. ராக்ஸ்பர்க் பிரபுவின் நூலகம் ஏலத்துக்கு வந்தது. அதில் இத்தாலியக் கதைத்தொகுப்பு ஒன்றின் 1471ஆம் ஆண்டுப் பதிப்பு இருந்தது. இரண்டு பிரபுக்கள் போட்டி போட்டதில் 2,260 பவுண்டுக்குப் போயிற்று. ஏழே வருஷத்தில், வாங்கியவரின் சொத்து விற்பனைக்கு வந்தபோது, முதலில் தோற்ற அதே பிரபு அதே புத்தகத்தை 918 பவுண்டு சொச்சத்துக்கு வாங்கினார். புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது, எதிரே நின்று கை தூக்கியவர்களின் வேகம்.

அப்படியானால் நிறையப் புத்தகம் வைத்திருப்பதே பித்தா? இல்லவே இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் வீடுகளில் நாற்பது புத்தகம் வைத்திருப்பவரிடமே “இத்தனையும் படிச்சிட்டியா?” என்று கேட்டுவிடுவார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மாதம் இரண்டு புத்தகம் வீதம், இருபது வயதிலிருந்து எண்பது வயதுவரை விடாமல் படித்தால் மொத்தம் 1,440 புத்தகம். இரண்டாயிரம் புத்தகம் உள்ள வீட்டில் படிக்காதவை இருந்தே தீரும். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பதில்லை, தேவைப்படும்போது புரட்டுகிறோம். ஒரு நல்ல வீட்டு நூலகத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் காத்திருக்கும். ஜப்பானியர்கள் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: சுண்டோகு. வாங்கியதைப் படிக்காமல் அடுக்கி வைப்பது என்று பொருள். அடுக்கி வைப்பதைக் குறிக்கும் சொல்லையும் படிப்பதைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து உண்டான வார்த்தை. அவர்கள் அதை நோயின் பெயராகச் சொல்வதில்லை, ஒரு பழக்கத்தின் பெயராகத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே எண்ணிக்கையில் கோடு போட முடியாது. நான் பார்த்தவரை அது விழும் இடம் வேறு: அந்தப் புத்தகம் கைக்கு எட்டுகிறதா? உங்கள் கைக்கு மட்டுமல்ல, வேறு யாருடைய கைக்காவது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு சேகரிப்பாளர்களைப் பார்ப்போம்.

ஒருவர் சர் தாமஸ் ஃபிலிப்ஸ், 1792இல் பிறந்த ஆங்கிலேயர். துணி வியாபாரத்தில் சம்பாதித்த தந்தையின் சொத்து அவருக்கு வந்தது. உலகத்தில் உள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி தன்னிடம் இருக்க வேண்டும் என்று கடைசிக் காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதியவர். கையெழுத்துச் சுவடிகள்மீது அவருக்குத் தீராத ஆசை. தொடங்கிய காரணத்தைக் கேட்டால் யாருக்கும் அவரைப் பிடித்துவிடும். பிரெஞ்சுப் புரட்சியில் மடாலயங்களின் நூலகங்கள் கலைந்து, பழஞ்சுவடிகள் சந்தைக்கு வந்து விழுந்த காலம் அது. தோல் ஏடுகளைப் பசை காய்ச்சவும், தங்கத் தகடு தட்டவும் வாங்கிப் போனார்கள். விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் விற்பவர்கள் அழிக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்தார். நினைத்தது சரியும்கூட. நம்மூரில் செல்லரித்த ஏட்டைத் தேடி உ.வே.சா. ஊர் ஊராக அலைந்ததை அறிந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும்.

ஆனால் அவர் வீட்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். மிடில்ஹில் என்ற அந்த மாளிகையில் ஏறக்குறைய அறுபதாயிரம் கையெழுத்துப் படிகளும் நாற்பதாயிரம் அச்சுப் புத்தகங்களும் சேர்ந்தன. தீப்பிடித்தால் அப்படியே தூக்கிக்கொண்டு ஓட வசதியாகச் சவப்பெட்டி போன்ற நீளப் பெட்டிகளில் அவற்றை வைத்தார். பெட்டிகள் கூடம், படுக்கையறை, நடைபாதை என்று எங்கும் ஏறின. பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவடித்துறைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, பெட்டி இல்லாத அறையே அந்த வீட்டில் இல்லை என்றும், அவர் மனைவியின் இடத்தில் தான் இருந்தால் அந்த வீட்டுக்குத் திரும்பியே வர மாட்டேன் என்றும் நாட்குறிப்பில் எழுதினார். புத்தகக் கடைக்காரர்களுக்குப் பணம் பாக்கி. கடன்மேல் கடன். 1860களில் வீடு மாற்ற வேண்டி வந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளில் மாதக்கணக்கில் புத்தகங்கள் ஏறிப் போயின. புது வீடு இன்னும் பெரியது. அங்கேயும், ஒரு பக்கம் புத்தகம் துரத்துகிறது, மறுபக்கம் எலி துரத்துகிறது என்று அவருடைய இரண்டாம் மனைவி புலம்பியிருக்கிறார்.

மூத்த மகள், தகப்பனுக்குப் பிடிக்காதவரை மணந்துகொண்டாள். ஃபிலிப்ஸ் 1872இல் இறந்தபோது விட்டுச்சென்ற உயிலில் புத்தகங்களை வீட்டை விட்டு நகர்த்தக் கூடாது, அந்த மருமகன் உள்ளே நுழையக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். வாரிசுகள் நீதிமன்றம் போய்த்தான் விற்கும் உரிமையைப் பெற்றார்கள். விற்று முடிக்க அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று.

இத்தனைக்கும் அவர் முழுப் பித்தர் என்று ஒரே அடியாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. தன் சொந்த அச்சகத்தில் பட்டியல் அச்சிட்டார். தேடிவந்த அறிஞர்கள் பலருக்குக் கதவைத் திறந்துவிட்டார். இன்று ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் அவர் காப்பாற்றிய சுவடிகள் இருக்கின்றன. உலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர் வீட்டார் பட்ட பாடும் உண்மை. ஒரே மனிதருக்குள் கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கலாம் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொருவர் நம்மவர். செட்டிநாட்டுக் கோட்டையூரின் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். புத்தகத்தோடு நிற்கவில்லை. பத்திரிகைகள், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், கடிதம் என்று மற்றவர்கள் பழைய பேப்பருக்குப் போடுவதையெல்லாம் எடுத்து வைத்தார். மொத்தம் ஒரு லட்சத்தை எட்டியது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஃபிலிப்ஸுக்குக் குறைந்தவர் இல்லை. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் கோட்டையூருக்குத் தேடிப் போனார்கள், கேட்டது கிடைத்தது. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையிலேயே அது தங்கும்படி 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. தரமணிக்குப் போய் நீங்கள் கேட்டால் இன்றைக்கும் அவர் எடுத்து வைத்தது உங்கள் மேசைக்கு வரும். ஒரு சேகரிப்பு வாழ்ந்துகொண்டிருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி மருத்துவத்தின் பக்கம் கொஞ்சம். புத்தகப் பித்து என்று தனியாக ஒரு நோயை இன்றைய மருத்துவம் சொல்வதில்லை. ஆனால் எந்தப் பொருளையும் விட்டுவிட முடியாமல் குவித்து வைக்கும் நிலைக்கு ஒரு பெயர் உண்டு: ஹோர்டிங் டிஸார்டர், தமிழில் குவிப்புக் கோளாறு எனலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இதைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது. அதற்கு முன்பு, திரும்பத் திரும்பக் கை கழுவுவது போன்ற எண்ணச் சுழற்சி நோயோடு சேர்த்தே இதைப் பார்த்தார்கள். மருத்துவர் பார்ப்பது இவற்றை: பொருளுக்கு மதிப்பு இருக்கிறதோ இல்லையோ அதைப் பிரிய முடியாமல் தவிப்பது, பிரிவதை நினைத்தாலே மனம் பதறுவது, படுக்கும் அறையில் படுக்க முடியாமல், சமைக்கும் இடத்தில் சமைக்க முடியாமல் வீடு அடைபட்டுப்போவது, அதனால் அவருக்கோ சுற்றியுள்ளவர்களுக்கோ வாழ்க்கை முடங்குவது.

இதில் சோம்பலும் இல்லை, பேராசையும் இல்லை. பலருக்கு இது இளவயதிலேயே மெல்லத் தொடங்கி, வயது ஏற ஏறக் கூடுகிறது. ஒவ்வொரு பொருளும் ஒரு தீர்மானத்தைக் கேட்கிறது: வைப்பதா, கொடுப்பதா? அந்தத் தீர்மானம் அவர்களுக்குத் தாங்க முடியாத பாரம். நாளைக்குத் தேவைப்பட்டால்? வேறு யாருக்காவது உதவினால்? நான் விட்டுவிட்டால் இதை யார் காப்பாற்றுவார்கள்? புத்தகம் என்றால் இந்தக் கேள்விகள் இன்னும் கனக்கும். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரில், புத்தகத்தைத் தூக்கிப் போடுவது பாவம் போலவே தோன்றும்.

நியூயார்க்கின் ஹார்லெமில் காலியர் சகோதரர்கள் இருந்தார்கள். அண்ணன் ஹோமருக்குக் கண் பார்வை போய்விட்டது. என்றாவது பார்வை திரும்பினால் அண்ணன் படிப்பாரே என்று தம்பி லாங்லி செய்தித்தாள்களைச் சேர்த்து வைத்தார். ஆண்டுக்கணக்கில். 1947 மார்ச்சில் அண்ணன் அந்த வீட்டுக்குள் இறந்து கிடந்தார். தம்பியைக் காணோம் என்று தேடினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து, அண்ணன் கிடந்த இடத்துக்குப் பத்தடி தூரத்தில், சரிந்த குவியலுக்கு அடியில் அவர் உடல் கிடைத்தது. வீட்டிலிருந்து நூறு டன்னுக்கு மேல் பொருள் வெளியே வந்தது, அதில் ஆயிரக்கணக்கில் புத்தகங்கள். அத்தனைக்கும் அடியில் இருந்தது ஒரு தம்பியின் பாசம்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்த எல்லைக்குப் போவதில்லை. நம்முடைய கேள்வி சின்னது. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கக் கட்டிலை நகர்த்தியபோது, அடியில் மூன்று துணிப்பைகள் இருந்தன. மூன்றும் சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து வெவ்வேறு ஜனவரியில் நான் வாங்கி வந்தவை. ஒரு பையின் முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. உள்ளே பில் இருந்தது. மெஷின் பில், எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. எவ்வளவு கொடுத்தேன், எந்த வருஷம், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது பையில் இருந்த ஒரு நாவல் முதல் பையிலும் இருந்தது.

தரையில் உட்கார்ந்து அவற்றைப் புரட்டியபோது ஒன்று பிடிபட்டது. அரங்கில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் படித்து, பத்து சதவீதம் தள்ளுபடியில் வாங்கிப் பையில் போட்ட அந்த நிமிஷத்திலேயே, அதைப் படித்துவிட்ட நிறைவு பாதி எனக்கு வந்துவிட்டிருக்கிறது. படிக்கப்போகும் ஆளாக என்னை நானே பார்த்துக்கொண்ட சந்தோஷம். அது பொய்யான சந்தோஷம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அது தீர்ந்துவிடுகிறது. அடுத்த முறை அது கிடைக்க இன்னொரு புத்தகம் வாங்க வேண்டும். தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் அடையாளம் இதுதான் என்பேன்: படிப்பதைவிட வாங்குவதில் மனம் அதிகம் மலர்கிறதா? மற்ற அடையாளங்கள் இதைத் தொடர்ந்து வரும். ஏற்கனவே இருப்பதையே மறுபடி வாங்குவது, வாங்கியதை வீட்டில் மறைப்பது, சீட்டுப் பணத்தில் கை வைப்பது, கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது, கடைசியில் அந்த அறைக்குள் போவதையே தவிர்ப்பது.

பெரியப்பா விஷயத்தில் நாங்கள் கவனித்தது கடைசி அடையாளத்தை மட்டும்தான். மாடியில் இரண்டு அறை, கீழே ஒன்று. ஜன்னல் திறக்க முடியாது, அடுக்கு மறைத்திருந்தது. பெரியம்மா ரேழியில் பாய் போட்டுப் படுத்தார். “முட்டி வலிக்குதுடா, கீழ உக்காந்து எந்திரிக்க முடியல. ஒரு கட்டில் போட எடம் இல்ல” என்பார். ஒரு மழைக்காலத்தில் மாடி அறையில் ஒரு தடித்த நிகண்டை நான் உருவினேன். முதுகில் தங்க எழுத்து அப்படியே இருந்தது. கையில் எடுத்தபோது கனமே இல்லை. திறந்தால் உள்ளே தாள் இல்லை. கரையான் மண் பிடித்து, சுரங்கம் சுரங்கமாக வெட்டி வைத்திருந்தது. அட்டையை மட்டும் விட்டுவிட்டது. அதற்குப் பக்கத்தில் இருந்தவற்றில் ராமபாணம் என்ற புத்தகப் பூச்சி ஊசியால் குத்தியது போல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே நேர்க்கோட்டில் துளை போட்டிருந்தது. யாராவது மாதம் ஒருமுறை எடுத்து உதறியிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது. அந்தக் காலத்தில் ஏட்டுச்சுவடியை அவ்வப்போது எடுத்து எண்ணெய் பூசி, இற்றுப்போகும் முன் படியெடுத்தவர்கள் அதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் செய்த காரியம் தவறு. அவர் கண்புரை அறுவைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எட்டுக் கோணிப்பை கிலோ கணக்கில் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு முன்பைவிட அதிகமாக வாங்க ஆரம்பித்தார். ஆள் இல்லாத நேரத்தில் அள்ளிப் போடுவது இந்தக் கோளாறுக்கு மருந்தில்லை, புண்ணைக் கிளறுவதுதான் என்று மனநல மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அவர்களுடைய சிகிச்சை நிதானமானது. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, வைப்பதா விடுவதா என்று அவரே தீர்மானிக்கப் பழக்குவது. வீட்டில் யாராவது இப்படித் தவித்தால், எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நாங்கள் கண்டுபிடித்த வழி தற்செயலாக வந்தது. ஒரு நாள் அவரிடம், “பெரியப்பா, இத நான் படிச்சிட்டுத் தரட்டுமா?” என்று ஒரு புத்தகத்தைக் காட்டிக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, என் பெயர், புத்தகத்தின் பெயர், தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். பத்து நாளில் திருப்பிக் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தார். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் அதைப் படித்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த முறை என் பையன் கேட்டான். பிறகு அவருடைய பழைய மாணவர் ஒருவர். பின்பு அந்த மாணவரே ஒரு யோசனை சொன்னார், ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி இருப்பவற்றை மட்டும் ஊர்க் கிளை நூலகத்துக்குக் கொடுக்கலாமே என்று. பெரியப்பா தானே உட்கார்ந்து பிரித்தார். மூன்று மாதம் ஆயிற்று. முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கீழ் அறையில் ஜன்னல் திறந்தது, கட்டில் வந்தது. மாடி அறைகள் இரண்டும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. போன வாரம் போனபோது நோட்டில் எழுபத்து மூன்றாவது வரி எழுதியிருந்தது. புத்தகத்தை எடுத்துப் போயிருந்தவர் பெயர் இருக்கும் இடத்தில் பெரியம்மாவின் கையெழுத்து.